பதிவறைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? குமரி மாவட்ட ஊழியர்களுக்கு ஒரு வழிகாட்டி

குரூப் 4 தேர்வு எழுதி, இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, வந்த மாதமே "நீங்க ரெக்கார்டு ரூமைப் பாத்துக்குங்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்களா? மனம் சோர்ந்துதான் போகும். வெளிச்சம் குறைந்த அறை, தூசு, கூரை வரை அடுக்கிய கட்டுகள். ஏதோ தண்டனை என்று நினைக்கிறவர்கள் உண்டு. வருவாய்த் துறையில் என் வேலைக்காலத்தில் நல்ல பங்கு பதிவறையில்தான் கழிந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பொதுமக்களுக்கு இவ்வளவு உதவக்கூடிய இடம் அலுவலகத்தில் வேறு இல்லை.

தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி மனு வந்தால் 30 நாளுக்குள் பதில் போக வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். பதில் எழுத அரை நாள் போதும், மீதி நாளெல்லாம் கோப்பைத் தேடுவதில் போகிறது. பல வருடம் முன்பு ஒருவர் அந்தக் கோப்பை எப்படிக் கட்டி எங்கே வைத்தாரோ, அதைப் பொறுத்துத்தான் இன்றைக்கு மனுதாரருக்குப் பதில் கிடைக்கிறது. இதனால்தான் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், மனு கொடுப்பது எப்படி என்று சொல்வதற்கு முன்பே, பிரிவு 4(1)(ஏ)-யில் பதிவேடுகளைப் பற்றிப் பேசுகிறது. எல்லா ஆவணங்களையும் வகைப்படுத்தி, அட்டவணை போட்டு, தகவல் கொடுக்க வசதியாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாடு 1997-லேயே தனியாக ஒரு தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம். ஆனாலும் அட்டவணை இல்லாத அறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். மேற்கே மலையோரத்திலிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். அப்பா பெயரில் புதுவலாக, அதாவது அரசு தரிசு நிலத்தைப் புதிதாக ஒருவர் பெயருக்குக் கொடுப்பதாக, பதிவான நிலம், அந்தக் கோப்பின் நகல் வேண்டும். கையில் ஒரு துண்டுத் தாள், அதில் ஊர்ப்பெயரும் "1118" என்ற எண்ணும். ஏற்கெனவே ஒரு முறை மனு போட்டு, "மேற்படி எண்ணில் கோப்பு ஏதும் இல்லை" என்று பதில் வாங்கியிருந்தார். பதில் எழுதியவர் பொய் சொல்லவில்லை. அந்த எண்ணில் கோப்பு இல்லைதான், ஏனென்றால் 1118 கோப்பு எண்ணே இல்லை. அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. கடைசி அலமாரியின் அடித்தட்டில், மலையாள எழுத்தில் "1118 மகரம்" என்று துண்டு ஒட்டிய ஒரு கட்டு இருந்தது. துணியை அவிழ்த்ததும் பழுப்புத் தூள் கொட்டியது. டேக்கின் தகர முனை துருப்பிடித்து ஏழெட்டுத் தாள்களைத் துளைத்திருந்தது. ராமபாணப் பூச்சி ஓரமெல்லாம் அரித்திருந்தும் நடுப்பகுதி பிழைத்திருந்தது. அந்த அம்மாவுக்கு மலையாளம் வாசிக்க வராது. ஆனால் கடைசித் தாளில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும், "இது அப்பாவுக்க எழுத்துதான்" என்றார். இந்தக் கட்டுரையில் இனிச் சொல்லப்போவதெல்லாம், அடுத்து வருகிறவருக்கு அப்படி ஒரு முதல் பதில் போகாமல் இருக்கத்தான்.

முதல் வாரம்: எதையும் நகர்த்தாதீர்கள்

அறையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மறுவேலை என்று இறங்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தாறுமாறாகத் தெரிகிற அடுக்கிலும் ஒரு ஒழுங்கு ஒளிந்திருக்கும். எந்தப் பிரிவின் கட்டுகள் எந்த மூலையில் என்பது பழைய அலுவலக உதவியாளருக்கு மனப்பாடமாக இருக்கும். அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள், அவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஓய்வு பெற்றுப் போகிறபோது அந்த அட்டவணையும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

அடுத்து அறைக்கு ஒரு வரைபடம் போடுங்கள். அலமாரிக்கு ஒரு எழுத்து, தட்டுக்கு ஒரு எண், கட்டுக்கு ஒரு எண். "இ-3-12" என்றால் இ அலமாரி, மூன்றாம் தட்டு, பன்னிரண்டாம் கட்டு. அலமாரியில் பெயின்டால் எழுதுங்கள். ஒட்டுகிற தாள் நம்ம ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பிறகு ஒரு நீளப் பதிவேட்டில் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வரி: இடம், பிரிவு, ஆண்டு, முதல் கோப்பு எண், கடைசிக் கோப்பு எண், நிலைமை. ஒவ்வொரு கோப்பாக எழுத இப்போது முயல வேண்டாம், பாதியில் களைத்துப்போவீர்கள். கட்டு அளவில் முடித்தாலே தேடுகிற நேரம் பெரிய அளவில் குறையும்.

கோப்பின் தலையில் இருக்கிற எழுத்துகள்

நடப்பில் இருக்கிற கோப்புக்கு ந.க.எண், அதாவது நடப்புக் கணக்கு எண், இருக்கும். எந்த இருக்கையில் எந்தத் தேதியில் வந்தது, என்ன ஆனது என்பது அந்த இருக்கையின் தன்பதிவேட்டில் இருக்கும். கோப்பு முடிந்ததும் எத்தனை காலம் வைக்க வேண்டும் என்பதற்கான சுருக்கெழுத்து ஏறும். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். பழைய கோப்புகளில் ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள் இருக்கும். அவற்றை ஊகிக்காமல் அலுவலக நடைமுறை நூலின் அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

தவறு நடக்கிற இடமே இந்த வகைப்பாடுதான். வேலைப்பளுவில் இருக்கிற உதவியாளர், நில ஒப்படைக் கோப்பை மூ.மு. என்று முடித்து அனுப்பிவிடுவார். மூன்று வருடம் கழித்து அது அழிப்புப் பட்டியலில் வரும். பதிவறைக்குக் கோப்பு வரும்போதே உள்ளே திறந்து பாருங்கள். நிலம், உரிமை, எல்லை, பணி நியமனம், நீதிமன்ற உத்தரவு, இவற்றில் ஏதாவது இருந்து குறுகிய கால வகைப்பாடு போட்டிருந்தால், வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். புதிய ஆள் என்று தயங்க வேண்டாம், அதைக் கேட்பது உங்கள் வேலை. பக்க எண் போட்டிருக்கிறதா, குறிப்புக் கோப்பும் (அலுவலகத்தில் எழுதிய குறிப்புகள்) நடப்புக் கோப்பும் (வந்த, போன கடிதங்கள்) இரண்டும் இருக்கின்றனவா என்றும் அப்போதே பாருங்கள். பக்க எண் இல்லாத கோப்பில் ஒரு தாள் காணாமல் போனால் யாராலும் நிரூபிக்க முடியாது.

கொல்லம், பசலி, ஆங்கிலம்: மூன்று ஆண்டுக் கணக்கு

மற்ற மாவட்டத்திலிருந்து மாறுதலாகி வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய தடுமாற்றம். 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. திருவட்டாறும் கிள்ளியூரும் பின்னால் பிரிந்து வந்த தாலுகாக்கள். ஆகவே பழைய ஆவணங்களில் மொழி மலையாளம், ஆண்டு கொல்லம்.

மாற்றுகிற கணக்கு எளிது. கொல்லம் ஆண்டு ஆவணியில், அவர்கள் சொல்கிற சிங்ஙத்தில், பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய 825. அந்த அம்மாவின் 1118 மகரம் என்பது நம்முடைய தை, அதாவது 1943 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. தனு மாதத்தில், நம் மார்கழியில், நடுவே ஆங்கில ஆண்டு மாறுவதால் தேதியையும் பார்த்துக் கூட்ட வேண்டும்.

வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலியும் நான்கு இலக்கம்தான், அதனால் குழப்பம் வரும். பசலி ஜூலை முதல் தேதி தொடங்குகிறது. பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. ஒரு எளிய அடையாளம்: நம் பதிவறைகளில் 10, 11 என்று தொடங்கும் நான்கு இலக்க ஆண்டு கொல்லமாகத்தான் இருக்கும், 13, 14 என்று தொடங்கினால் பசலி. அட்டவணையில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். மூலத்தில் உள்ள ஆண்டை அப்படியே எழுதி, பக்கத்தில் ஆங்கில ஆண்டை எழுதுங்கள். மூலத்தை அடித்துத் திருத்தக் கூடாது.

மலையாளக் கட்டுகளுக்கு, அந்த எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரை அலுவலகத்துக்குள்ளேயே தேடுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்காரர்கள் யாராவது இருப்பார்கள். கோப்புத் தலைப்பு, ஊர், பெயர், ஆண்டு, இந்த நான்கை மட்டும் தமிழில் எழுதி வாங்கினால் போதும். முழு மொழிபெயர்ப்பு வேண்டாம். மனுதாரருக்குப் போக வேண்டியது மூலத்தின் நகல்.

நாஞ்சில் நாட்டு வரலாற்றை எழுதியவர்களுக்கு அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் எவ்வளவு உதவின என்று நம் பக்கத்தில் பலருக்குத் தெரியும். ஒரு குடும்பம் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அவை மிஞ்சின. நம் கையில் இருக்கிற கட்டுகளுக்கும் அதே மதிப்பு உண்டு என்று நம்புகிறேன்.

ஊர்ப்பெயர், ஆள்பெயர், சர்வே எண்

இரணியலா, எரணியலா? குளச்சலா, கொளச்சலா? கோப்பில் இரண்டும் இருக்கும். ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து அதில் பதியுங்கள். மற்ற வடிவத்துக்கு நேராக "இரணியல் பார்க்க" என்று ஒரு வரி போட்டால் தேடுகிறவர் வழிதவற மாட்டார்.

ஆள்பெயர் இன்னும் சிக்கல். ஒரே ஊரில் பத்து தங்கப்பன் இருப்பார்கள், பத்து செல்லம்மாள் இருப்பார்கள். நம் மாவட்டத்துப் பழைய ஆவணங்களில் ஆளை அடையாளம் காட்டுவது வீட்டுப்பெயர்தான். இனிஷியல் மட்டும் எழுதினால் பயனில்லை. பெயர், தகப்பனார் பெயர், வீட்டுப்பெயர் மூன்றையும் எழுதுங்கள். நிலக் கோப்பு என்றால் பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் இரண்டும் வேண்டும். வீட்டுப் பத்திரத்தில் இருக்கிற பழைய எண்ணை வைத்துத்தான் மக்கள் கேட்பார்கள், கணினியில் புது எண்தான் வரும்.

ஈரமும் சிதலும்

குமரிக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம் முடிந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவம் வந்துவிடும். காகிதம் காய நமக்குக் கிடைப்பது வருடத்தில் சில மாதங்கள்தான். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலை நினைத்துப் பாருங்கள். கடலில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் எத்தனை தாள்களைத் தூக்கிக்கொண்டு எத்தனை படிகள் ஏறின. அந்த மாதிரி நேரத்தில் அலுவலகத்திலும் தாள் நனைந்து கிடந்தால், அவர்கள் எங்கே போவார்கள்?

அடித்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயரத்தில் இருக்கட்டும். அலமாரி சுவரில் ஒட்டக் கூடாது, சிதல், அதாவது கரையான், ஏறுவது சுவர் வழியாகத்தான். மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பின்பக்கத்தில் மண்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கூரை ஒழுகுகிறது என்று பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுவது வழக்கம். அது ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்க்கும். பருத்தித் துணியில் கட்டுங்கள், ஒழுகுகிற ஓடுகளை மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், அந்தக் கடிதத்தின் நகலையும் வையுங்கள். குண்டூசி, ஸ்டேப்ளர் முள், துருப்பிடித்த டேக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பருத்தி நூல் போடுங்கள். கிழிந்த தாளில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. கொஞ்ச வருடத்தில் அது மஞ்சளாகிக் கருத்து எழுத்தையே மறைத்துவிடும். நனைந்த கோப்பை வெயிலில் போடாதீர்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில், தாள்களுக்கு நடுவே மை உறிஞ்சும் தாள் வைத்துக் காயவிடுங்கள்.

வெளியே போகிற கோப்பு

காணாமல் போனதாகச் சொல்லப்படுகிற கோப்புகளில் பாதிக்கு மேல் உண்மையில் காணாமல் போகவில்லை என்பது என் அனுபவம். யாரோ வாங்கிப் போனார்கள், வழக்குக்கு அரசு வழக்கறிஞரிடம் போனது, தணிக்கைக்குப் போனது. திரும்பி வந்ததா என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். எனவே ஒரு நகர்வுப் பதிவேடு, கூடவே ஒரு அட்டை. கோப்பை எடுத்த இடத்தில் அந்த அட்டையைச் செருகுங்கள்: யார், எந்தப் பிரிவு, எந்தத் தேதி. 15 நாளுக்கு ஒரு முறை நினைவூட்டுக் குறிப்பு அனுப்புங்கள். நீதிமன்றத்துக்கு மூலக் கோப்பு போகிறது என்றால் முழு நகல் எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மேலதிகாரி கேட்டாலும் கையெழுத்து வாங்கித்தான் கொடுக்க வேண்டும். கொஞ்சம் சங்கடமாக இருக்கும், ஒரு மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிடும்.

மனு வந்த பிறகு

தகவல் மனுவுக்குப் பதில் தரும் பொறுப்புள்ள பொதுத் தகவல் அலுவலர் உங்கள் மேலதிகாரியாக இருப்பார், தேடுகிறவர் நீங்கள். மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும். வந்த தேதியைக் குறித்தவுடன், கேட்டிருப்பது நம் அலுவலகத்தில் இருக்கிற விஷயமா என்று அன்றைக்கே பாருங்கள். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் 5 நாளுக்குள் மாற்றி அனுப்பி மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். பதிவறைக்காரர் பத்தாம் நாள்தான் மனுவைப் பார்க்கிறார் என்றால் அந்தக் கெடு அப்போதே போய்விட்டது.

மக்கள் எழுதுகிற மனு சட்ட மொழியில் இருக்காது. "எங்க அப்பா நிலத்தை ஏன் வேறு பெயருக்கு மாற்றினீர்கள்" என்று இருக்கும். ஏன் என்ற கேள்விக்குப் புதிதாக விளக்கம் எழுத வேண்டிய கடமை இல்லை. கையில் இருக்கிற தகவலைத் தந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றமும் 2011-இல் சொல்லியிருக்கிறது. அதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாற்றத்துக்கான மனு, விசாரணை அறிக்கை, உத்தரவு மூன்றும் கோப்பில் இருக்கிறது. அவருக்கு வேண்டியது அதுதான், அதை நகலெடுத்துக் கொடுங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். நிறையப் பக்கம் என்றால் நேரில் வந்து பார்க்கலாம் என்று எழுதுங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. பார்க்க வருகிறவருக்கு ஒரு நாற்காலியும் வெளிச்சமான இடமும் கொடுங்கள். 30 நாள் தாண்டினால் நகலை இலவசமாகவே தர வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கோப்பில் ஒரு பகுதி கொடுக்கக் கூடாதது என்றால் அந்தப் பகுதியை மட்டும் மறைத்து மற்றதைக் கொடுக்கப் பிரிவு 10 வழி செய்கிறது. தனிநபர் விவரம் பற்றிய 8(1)(ஜே) பிரிவை 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தியிருப்பதால், பழைய வாசகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்கிற 8(2) அப்படியே இருக்கிறது.

சரி, தேடியும் கிடைக்கவில்லை. அப்போது என்ன எழுதுவது? "கோப்பு கிடைக்கவில்லை" என்பது சட்டம் அனுமதிக்கிற மறுப்புக் காரணங்களில் ஒன்று இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் ஒரு தீர்ப்பில், ஒரு காலத்தில் இருந்த ஆவணத்தை முழுமையாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் அதற்குப் பொறுப்பானவர் யார் என்று பார்க்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. எனவே தேடியதை எழுதிவையுங்கள்: எந்தத் தேதி, எந்த அலமாரிகள், எந்தப் பதிவேடுகள், யாரிடம் கேட்டோம். பிறகு மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். மேல்முறையீடு போகும்போது உங்களையும் பொதுத் தகவல் அலுவலரையும் காப்பாற்றுவது அந்தத் தாள்தான். காரணமில்லாத தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம் அவருடைய சம்பளத்திலிருந்து போகும்.

அழிப்பதற்கு முன்

காலம் முடிந்த கோப்பை அழிப்பதில் தவறில்லை. இடமில்லாத அறையில் முக்கியமான கோப்பும் காணாமல்தான் போகும். ஆனால் பட்டியல் எழுதி, அதிகாரியின் உத்தரவு வாங்கி, அழிப்புப் பதிவேட்டில் ஏற்றிய பிறகே அழிக்க வேண்டும். வழக்கு, தணிக்கை, நிலுவையில் உள்ள தகவல் மனு, இவற்றில் எதிலாவது சம்பந்தப்பட்ட கோப்பைத் தொடக் கூடாது. கேட்கப்பட்ட தகவலை அழிப்பதும் தண்டத்துக்குரிய குற்றமே. பின்னால் யாராவது கேட்டால் "இன்ன தேதியில், இன்ன உத்தரவுப்படி அழிக்கப்பட்டது" என்று பதிவேட்டின் நகலையே கொடுத்துவிடலாம். அது ஒரு நேர்மையான பதில்.

20 வருடம் தாண்டிய தகவலுக்குப் பெரும்பாலான விலக்குகள் பொருந்தாது என்று பிரிவு 8(3) சொல்கிறது. அதை, எல்லாக் கோப்பையும் 20 வருடம் வைக்க வேண்டும் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அந்தப் பிரிவு வைப்புக் காலம் பற்றியது இல்லை.

ஸ்கேன் செய்யும்போது

அட்டவணை முடியாமல் ஸ்கேன் செய்யத் தொடங்காதீர்கள். பெயரில்லாத ஆயிரம் படங்கள் கணினியில் கிடப்பதும் கட்டாத தாள்கள் தரையில் கிடப்பதும் ஒன்றுதான். கோப்புப் பெயர் தாலுகா, கிராமம், ஆண்டு, எண் என்ற வரிசையில் இருக்கட்டும். பழைய தாளை ஆட்டோ ஃபீடரில் விடாதீர்கள், நொறுங்கிவிடும், தட்டில் வைத்தே எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். பழைய அதிகாரிகள் தாளைச் சிக்கனம் பிடித்தவர்கள், மனுவின் முதுகிலேயே உத்தரவை எழுதி முடித்திருப்பார்கள். நிரந்தர வகை மூலத் தாளை, ஸ்கேன் ஆகிவிட்டது என்பதற்காக அழிக்கக் கூடாது.

கேட்காமலே கொடுப்பது

ஆண்டு முடிவில் தகவல் மனுப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரே விஷயத்தை மூன்று பேர் கேட்டிருந்தால், அதை நாமே வெளியிடலாம் என்று குறிப்பு வையுங்கள். பிரிவு 4(1)(பி) தானாக வெளியிடச் சொல்கிற 17 இனங்களில், அலுவலகத்தில் என்னென்ன வகை ஆவணங்கள் இருக்கின்றன என்ற பட்டியலும் ஒன்று. முதல் வாரத்தில் நீங்கள் எழுதிய கட்டுப் பட்டியல்தான் அதற்கு மூலம். பொதுத் தகவல் அலுவலரிடம் காட்டி, அதிலிருந்து ஒரு சுருக்கத்தை அலுவலக வாசலில் ஒட்டுங்கள். "புதுவல் கோப்புகள், கொல்லம் 1100 முதல்" என்று ஒரு வரி அங்கே இருந்தால், அந்த அம்மா சரியான கேள்வியோடு உள்ளே வந்திருப்பார்.

மாறுதல் உத்தரவு வந்துவிட்டதா? சாவியை மட்டும் கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். புதிதாக வருகிறவரை அறைக்குள் கூட்டிப்போய், அலமாரி அலமாரியாகப் பட்டியலோடு சரிபார்த்து, வெளியே போயிருக்கிற கோப்புகளைத் தனியாக எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். மலையாளக் கட்டுகள் எங்கே என்று கையால் தொட்டுக் காட்டுங்கள். பட்டியலின் ஒரு நகலைப் பொதுத் தகவல் அலுவலரிடம் கொடுத்து, பெற்றதற்குத் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.